பள்ளத்துக் காற்றாலை

காற்று எட்டிப் பார்க்காத பள்ளத்தில் நட்டு வைத்திருந்த காற்றாலை முதன்முதலாகச் சுழன்றது, தையல்காரி தன் சொந்த அண்ணனைப் பொதுக்குழுவில் எழுந்து நின்று கிழித்துத் தொங்கவிட்ட அன்றைக்குத்தான். அதற்கு முன் ஏறக்குறைய ஒரு வருஷம் அது இம்மியும் அசையவில்லை. மூன்று இறக்கைகளிலும் புறாக்கள் குடும்பம் நடத்தின. கம்பத்தின் நிழல் எந்த நேரத்தில் எங்கே விழும் என்று தெரிந்து வைத்துக்கொண்டு பழைய இரும்பு வியாபாரி தன் தராசை நகர்த்தி நகர்த்தி வைத்துக்கொண்டார். மின் கூட்டுறவுச் சங்கத்தின் ஆண்டறிக்கை அதை ‘வருங்காலத்துக்கான முதலீடு’ என்று புகழ்ந்தது. அன்றைய தேதிக்கு அதனால் ஊருக்குக் கிடைத்துவந்தது அந்த நிழல் ஒன்றுதான்.

அதை ஏன் பள்ளத்தில் நட்டார்கள் என்று வெளியூர்க்காரர்கள் கேட்பதுண்டு. ஓட்டுப் போட்டு நட்டார்கள். சங்கம் எல்லாருக்கும் சொந்தம். பணக்காரருக்கும் ஒரு ஓட்டு, பஞ்சர் ஒட்டுகிறவருக்கும் ஒரு ஓட்டு. நல்ல ஏற்பாடுதான், யார் இல்லை என்றது. தண்ணீர்த் தொட்டி மேட்டில் காற்று ஆளைத் தூக்கும். ஆனால் அங்கே வைத்தால் பல் டாக்டர் வீட்டு மாடியிலிருந்து சூரியன் மறைவது தெரியாது என்றார்கள். அதுவரை அவர் மாடி ஏறி யாரும் பார்த்ததில்லை. பள்ளிக்கூட மைதானத்தில் வைத்தால் பிள்ளைகள் அண்ணாந்து பார்த்துக்கொண்டே இருப்பார்கள், பாடம் எப்படி ஏறும் என்று பெற்றோர்கள் கவலைப்பட்டார்கள். கல்லறைத் தோட்டத்துப் பக்கம் அருமையான இடம் இருந்தது. அங்கே படுத்திருப்பவர்களுக்குத் தொந்தரவாகிவிடும் என்று, அவர்களை வருஷக்கணக்கில் எட்டிப் பார்க்காத வாரிசுகள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். கடைசியில் மிஞ்சியது, மூடிப்போன செங்கல் சூளைக்குப் பின்னால் இருந்த பள்ளம். காற்று வராததால் யாரும் வீடு கட்டாத இடம்; வீடு இல்லாததால் எதிர்க்க ஆளில்லாத இடம். தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. எல்லாரும் கை தட்டினார்கள்.

சங்கத்தின் செயலாளர்தான் தையல்காரியின் அண்ணன். ஓட்டுநர் பயிற்சிப் பள்ளி நடத்தியவர். பயிற்சிக் காரில் சொல்லிக்கொடுப்பவரின் காலடியிலும் ஒரு பிரேக் இருக்கும் அல்லவா, அவருடைய கால் பாதி ஆயுள் அதன் மேலேயே இருந்தது. ஊரில் வண்டி ஓட்டுகிற பெரும்பாலோர் அவரிடம் கற்றவர்கள். அதனால் இந்த ஊரில் விபத்தும் குறைவு, யாரும் எங்கேயும் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்ததாகவும் தகவல் இல்லை. ‘மெதுவா, மெதுவா, அவசரம் ஒண்ணுமில்ல’ என்பது அவருடைய தாரக மந்திரம். கூட்டத்தில் யாராவது குரலை உயர்த்தினால் மேசைக்கடியில் அவர் கால் தானாக எதையோ மிதிக்கும். ஊர் அவருக்குப் ‘பிரேக்கு’ என்று பேர் வைத்திருந்தது. அது அவருக்கும் தெரியும். அதற்கும் அவர் கோபப்பட்டதில்லை.

தையல்காரி நேர் எதிர். மூக்குக்கு மேல் கோபம், கைக்கு முன்னால் வாய். பள்ளிச் சீருடை தைப்பதில் அவளை அடித்துக்கொள்ள ஆளில்லை. பிள்ளை எவ்வளவு வளரும் என்று கணக்குப் போட்டுக் காற்சட்டையின் மடிப்பை விடுவாள், பிள்ளையும் அந்த அளவுக்கு மட்டும் வளரும். அண்ணனும் தங்கையும் பிறந்த வீட்டிலேயே இருந்தார்கள், நடுவில் ஒரு சுவர் இருந்தது. அம்மா போன மறு மாதம் எழுப்பிய சுவர். கூடத்தை இரண்டாக்கி, சன்னலையும் இரண்டாக்கி, ஆளுக்கு ஒரு கதவு என்று கொடுத்துவிட்டு ஓடியது அது. அம்மாவுக்கு நெஞ்சுவலி வந்த காலையில் பெரிய ஆஸ்பத்திரிக்கு உடனே கொண்டுபோக வேண்டும் என்று தையல்காரி துடித்தாள். வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது. அண்ணன் கார் சாவியைக் கையில் பிடித்துக்கொண்டு, மழை விடட்டும், மெதுவாகப் போகலாம் என்றார். மழை விட்டது. அதற்குள் அம்மா போய்விட்டாள். அன்றிலிருந்து தங்கை அண்ணனோடு ஒரு வார்த்தை பேசவில்லை. சமாதானம் பேச வந்த பெரிய மனிதர்கள் எல்லாரும் பேண்ட்டுக்கு அளவு கொடுத்துவிட்டுத் திரும்பிப் போனார்கள். அண்ணி மட்டும் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக நடந்து, இரண்டு பேருக்கும் நல்லவளாக இருந்து, இரண்டு பேரிடமும் திட்டு வாங்கினாள்.

அப்படிப்பட்டவள் அண்ணன் செயலாளராக இருக்கும் சங்கத்தில் ஏன் சேர்ந்தாள் என்றால், திட்டுவதற்கு ஒரு முகம் வேண்டியிருந்தது. ஊருக்கு அதுவரை மின்சாரம் தந்தது கம்பெனி. பள்ளிக்கூடம் திறக்கிற சமயத்தில், துணி மலைபோல் குவிந்து கிடக்கும்போது, கரண்ட் போய்விடும். கம்பெனிக்குப் போன் போட்டால் ஒரு பெண் குரல் உங்கள் அழைப்பு எங்களுக்கு மிகவும் முக்கியம் என்று தேன் ஒழுகச் சொல்லிவிட்டு ஒரு வாத்திய இசையைப் போட்டுவிடும். தையல்காரி பாதி நாள் அந்த இசையைக் கேட்டிருக்கிறாள். பொத்தான்துளை போடும்போது அவளை அறியாமல் அதையே முணுமுணுப்பாள். எவ்வளவு கத்தினாலும் அந்தப் பெண் குரல் மனம் நோகாது. மனம் நோகாத ஆளைத் திட்டி என்ன பிரயோசனம்? இந்த நிலையில்தான் சங்கத்தின் விதி ஒன்று அவள் காதில் விழுந்தது: உறுப்பினர் எவரும் பொதுக்குழுவில் எழுந்து செயலாளரைக் கேள்வி கேட்கலாம், செயலாளர் எழுந்து போகாமல் உட்கார்ந்து பதில் சொல்லியாக வேண்டும். எழுந்து போகாமல். அதைக் கேட்ட அன்றே அவள் பங்கு வாங்கினாள். அந்த விதியை ஆசை ஆசையாக எழுதியவர் அவளுடைய அண்ணனேதான்.

முதல் கூட்டத்தில் அவள் ஒழுங்காகத்தான் ஆரம்பித்தாள்.

“காத்தாலை ஏன் சுத்த மாட்டேங்குது? செயலாளர் பதில் சொல்லணும்.”

செயலாளர் தொண்டையைச் செருமிக்கொண்டார். வருஷக்கணக்கில் தன் பக்கம் திரும்பாத முகம் இப்போது நேராகத் தன்னைப் பார்ப்பதே அவருக்கு ஒரு மாதிரியாக இருந்தது. “காத்து வரும்மா. அவசரம் ஒண்ணுமில்ல. மெதுவா...”

“மெதுவாவா? அம்மாவைக் கொன்ன வார்த்தை அது! இன்னொரு தடவை உன் வாயில அது வந்துச்சுன்னா, இந்த ஜென்மத்துல உன் மூஞ்சியில முழிக்க மாட்டேன், ஆமா!”

பேசும் பொருளுக்குள் நின்று பேசுமாறு தலைவர் கேட்டுக்கொண்டார். அவள் தலைவருக்கும் சேர்த்துக் கொடுத்தாள். மழை, சாவி, சுவர், பாதிச் சன்னல் என்று ஒவ்வொன்றாக எடுத்து அண்ணன் முன்னால் போட்டாள். அவர் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தார்; விதி அப்படி. அந்த நேரத்தில் பழைய இரும்பு வியாபாரி மூச்சு வாங்க உள்ளே ஓடிவந்து, புறாக்கள் எல்லாம் பறந்துவிட்டன, நிழல் ஒரு இடத்தில் நிற்க மாட்டேன் என்கிறது, வந்து பாருங்கள் என்றார். எல்லாரும் வெளியே ஓடினார்கள். ஒரு இலை அசையாத மத்தியானத்தில் காற்றாலை கிறுகிறுவென்று சுற்றிக்கொண்டிருந்தது. உள்ளே தையல்காரி இன்னும் முடிக்கவில்லை.

காற்றாலை விற்றவர்கள் அனுப்பிய எஞ்சினியர் ஒருவர் வந்து கருவிகளை வைத்து அளந்தார். காற்று இல்லை, ஆனால் மின்சாரம் வருகிறது என்று கண்டுபிடித்தார். அதை ஊரே அவருக்கு முன்பே சொல்லியிருந்தது. நிலத்தடி வெப்பம் காரணமாக இருக்கலாம் என்று எழுதிக்கொடுத்துவிட்டு அவர் பஸ் ஏறினார். ஊர் அப்படியெல்லாம் மண்டையை உடைத்துக்கொள்ளவில்லை. பொதுக்குழுவில், இரண்டு உறுப்பினர்கள், தலைவரின் அனுமதி பெற்று, அதில் ஒருவராவது மனதாரக் கோபப்பட்டு, ஒரு சண்டையை ஆரம்பித்தால் அந்தச் சண்டை தீரும்வரை இறக்கை நிற்காது. வீட்டில் போடும் சண்டைக்கும் தெருச்சண்டைக்கும் அது அசையாது; சங்கத்தின் விதிகளைச் செயற்குழுவைவிட அந்தக் காற்றாலைதான் ஒழுங்காகக் கடைப்பிடித்தது. கம்பெனி தன் கம்பிகளைச் சுருட்டிக்கொண்டு முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு ஊரை விட்டே போயிற்று. யாரும் வழியனுப்பப் போகவில்லை.

எந்தச் சண்டையில் எவ்வளவு கரண்ட் வரும் என்பது சீக்கிரமே எல்லாருக்கும் அத்துப்படியாகிவிட்டது. புருஷன் பெண்டாட்டி சண்டையில் அழுத்தம் அதிகம், பல்புகள் வெடிக்கும், ஆனால் சாப்பாட்டு நேரத்துக்குள் தீர்ந்துவிடும். மாமனார் மருமகன் சண்டை மேலுக்கு மரியாதையாக இருக்கும், உள்ளே ஓடிக்கொண்டே இருக்கும். குளிர்சாதனப் பெட்டிக்கு ஏற்றது. அரசியல் சண்டையில் கூரை பறக்கும், ஆனால் ஒரு மின்விசிறி சுற்றாது. நாடகக்காரர்களைக் கூட்டிவந்து உறுப்பினராக்கி அடித்துக்கொள்ள வைத்துப் பார்த்தார்கள். அவர்கள் உருண்டு புரண்டார்கள், ஒருவர் சட்டையைக்கூடக் கிழித்துக்கொண்டார். புறாக்கள் திரும்பி வந்து இறக்கையில் உட்கார்ந்ததுதான் மிச்சம். ஏற்ற இறக்கம் இல்லாமல், மழையோ வெயிலோ, சீராக ஊருக்கு ஓடியது தையல்காரியின் ஆறாத கோபம் ஒன்றுதான். மற்றவர்கள் போட்டது எல்லாம் மேற்கொண்டு வந்த வரவு.

பிறகு சங்கத்தில் சேர ஆட்கள் முண்டியடித்தார்கள். பல்கலைக்கழகத்திலிருந்து ஓர் ஆராய்ச்சிப் பெண் வந்து, சங்கத்தில் ஏன் சேர்ந்தீர்கள் என்று வீடு வீடாகக் கேட்டாள். பூமியைக் காப்பாற்ற என்றார் ரொட்டிக் கடைக்காரர். தன் தம்பி பாதிக் கடையை அமுக்கிக்கொண்டதைச் சபை நடுவே கேட்க வேண்டும் என்பதற்காகச் சேர்ந்தவர் அவர். வருங்காலச் சந்ததிக்காக என்றார் ஓய்வுபெற்ற நீதிபதி. வாழ்நாள் முழுவதும் அடுத்தவர் வழக்கைக் கேட்டுக் கேட்டுத் தன் வழக்கை ஒருவரும் கேட்கவில்லையே என்ற ஏக்கத்தில் சேர்ந்தவர். வீட்டில் மட்டும் காது கேட்காத புருஷனுக்குக் கூட்டத்தில் கேட்குமா என்று பார்க்கச் சேர்ந்த அம்மாள், புகை இல்லாத வானம் வேண்டும் என்று சொல்லிப் பெருமூச்சு விட்டார். சுற்றுச்சூழல் பற்றிய அக்கறை இந்த ஊரில்தான் மிக அதிகம் என்று எழுதி அந்தப் பெண் பட்டம் வாங்கினாள். சண்டைகள் எல்லாம் கூட்டத்துக்கென்று சேர்த்து வைக்கப்பட்டதால் வீடுகள் அமைதியாகிவிட்டன. ரத்தக்கொதிப்பு மாத்திரை விற்கவில்லை என்று மருந்துக்கடைக்காரர் கூட்டத்தில் எழுந்து சங்கத்தைத் திட்டினார். அதற்கும் தெருவிளக்கு எரிந்தது.

இப்படிச் சில வருஷங்கள் போயின. மாதா மாதம் ‘செயலாளரிடம் கேள்விகள்’ என்ற இடம் வந்ததும் எல்லாரும் கால் நீட்டி உட்கார்வார்கள், தையல்காரி எழுவாள். கேட்டதையேதான் கேட்பாள். அண்ணன் தலையைக் குனிவார். கோபத்தைச் சொல்லச் சொல்ல அது தேய்ந்துவரும் என்பதை யாரும் யோசித்துப் பார்க்கவில்லை. ஒரு மாதம் அவள் எழுந்தபோது குரலில் பழைய சூடு இல்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ள விரும்புகிறவள்போலக் கேட்டாள்.

“சாவி உன் கையிலதானே இருந்துச்சு? ஏன் எடுக்கல?”

அவர் நிமிர்ந்தார். “பயந்துட்டேன் பாப்பா.”

அவள் முன்னாலிருந்த நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டாள்.

“பின்சீட்டுல அம்மாவை வச்சுக்கிட்டு, அந்த மழையில வேகமா ஓட்ட எனக்குத் தைரியம் வரல. ஊருக்கே ஓட்டக் கத்துக்கொடுக்கறவன், பயமா இருக்குன்னு எந்த வாயால சொல்றது? அதான் மெதுவாப் போலாம்னு சொல்லிட்டேன்.”

“சொல்லியிருந்தா நான் வேற வண்டி கூப்பிட்டிருப்பேனே அண்ணா.” அவ்வளவுதான் சொன்னாள். சொல்லிவிட்டு உட்கார்ந்தாள். அண்ணா என்ற அந்தச் சொல் வாயை விட்டு வெளியே வந்தபோதே கூடத்தில் விசிறிகள் தளர்ந்து, விளக்குகள் ஒவ்வொன்றாக அணைந்தன.

மறுவாரம் அண்ணனும் தங்கையும் கொத்தனாரைக் கூப்பிட்டு நடுச்சுவரில் ஒரு ஆள் போகிற அளவுக்கு வழி திறந்தார்கள். அண்ணி இனிமேல் சுற்றிக்கொண்டு போக வேண்டாம் என்று அந்த வழியிலேயே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டாள். விட்டுப்போன வருஷங்களின் பேச்சு முழுவதும் பாக்கி இருந்தது, பேசித் தீர்த்தார்கள். தையல்காரி மெஷினை மோட்டாரிலிருந்து கழற்றிவிட்டுக் காலால் மிதித்துத் தைத்தாள். முட்டி வலித்தது, ஆனால் பாட்டுப் பாடினாள். அவள் பாடி யாரும் அதற்கு முன் கேட்டதில்லை. கேட்காமலே இருந்திருக்கலாம் என்று பக்கத்து வீட்டுக்காரர்கள் நினைத்தார்கள். ஊர் இருட்டில் கிடந்தது. மற்றவர்களின் சண்டைகளை எல்லாம் கூட்டிப் பார்த்தாலும் ஒரு தெருவுக்குக் காணவில்லை. ஒரு காலத்தில் சமாதானம் பேச வந்த அதே பெரிய மனிதர்கள் வரிசையாக வந்தார்கள்.

“அண்ணன் பக்கம் கூடத்துல ரெண்டடி அதிகமா இருக்கு போலிருக்கே, கவனிச்சீங்களா?” என்றார் பல் டாக்டர்.

“இருந்துட்டுப் போகட்டும். அவருக்குக் கால் நீளம்.”

“கொஞ்சம் கோவப்படும்மா. உனக்கு அது நல்லாவும் இருக்கும்” என்று தலைவர் கையைப் பிடித்துக்கொண்டு கெஞ்சினார். அவள் வாய்விட்டுச் சிரித்தாள். வேறு வழி இல்லாமல் செயற்குழு கூடி, பொதுக்குழுவுக்கு ஒரு தீர்மானம் கொண்டுவந்தது: ஊர் நலனை முன்னிட்டு, செயலாளரும் அவருடைய தங்கையும் இனித் தமக்குள் பேசிக்கொள்ளக் கூடாது, நடுச்சுவரில் திறந்த வழியைச் சங்கமே தன் செலவில் அடைத்துக்கொடுக்கும். ஆதரிக்கிறவர்கள் கை தூக்கலாம் என்றார் தலைவர். பல் டாக்டர் தூக்கினார். ரொட்டிக் கடைக்காரரும் அவர் தம்பியும் முதல்முறையாக ஒற்றுமையாகத் தூக்கினார்கள். பிள்ளைகளுக்குச் சீருடை கூலியில்லாமல் தைத்து வாங்கிப் போனவர்கள் கண்ணைக் கீழே தாழ்த்திக்கொண்டு, கையை மட்டும் மேலே தூக்கினார்கள்.

அப்போது செயலாளர் எழுந்தார். அவர் குரல் உயர்ந்து அன்றுதான் ஊர் கேட்டது. “வெக்கமா இல்ல? பல்பு எரியணும்னு எங்க ரெண்டு பேரையும் பிரிச்சு வைப்பீங்களாடா? இத்தனை வருஷம் என்னைத் திட்டு வாங்க வச்சு அந்த வெளிச்சத்துல உக்காந்து சோறு தின்னீங்களே, ஒருத்தனுக்காவது தொண்டையில சிக்கிச்சா?” பக்கத்திலேயே தையல்காரியும் எழுந்து நின்றாள். அவர் மூச்சு விட்ட இடைவெளிகளை அவள் நிரப்பினாள். யார் யார் இடுப்பளவு எவ்வளவு பெருத்திருக்கிறது, எதைத் தின்று பெருத்தது என்பதுவரை அவளுக்குத் தெரியும். விளக்குகள் கண் கூசும்படி எரிந்தன. உறுப்பினர்கள் கைகளைக் கட்டிக்கொண்டு, முகம் நிறைய நன்றியோடு, திட்டு முழுவதையும் வாங்கிக்கொண்டார்கள். தீர்மானம் கடைசியில் ஒத்திவைக்கப்பட்டது.

அதற்குப் பிறகு ஒவ்வொரு வருஷமும் அந்தத் தீர்மானம் வந்தது, ஒவ்வொரு வருஷமும் அண்ணனும் தங்கையும் சேர்ந்து நின்று ஊரை வறுத்தெடுத்தார்கள், அதில் ஒரு வருஷத்துக்கு மின்சாரம் ஓடியது. இதில் நடிப்பு எடுபடாது. ஊர் உண்மையாகவே அவர்களைப் பிரிக்க விரும்பிக் கை தூக்கினால்தான் அவர்களுக்கு உண்மையாகவே கோபம் வரும். அந்த விஷயத்தில் ஊரைக் குறை சொல்ல முடியாது. ஒரு வருஷமும் ஒரு கையும் பொய்யாக உயரவில்லை.

பிறகு அண்ணனுக்கு மூச்சு பலவீனமாகிவிட்டது. படுத்தால் மூச்சு வரவில்லை, நடந்தாலும் வரவில்லை. கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு மெஷினை வைத்து, மூக்கில் குழாயைச் செருகிவிட்டார்கள். அது காற்றைப் பிடித்து அவருக்கு ஊட்டியது. கரண்ட் போனால் அதன் பேட்டரி அரை நாள் தாங்கும் என்றார் டாக்டர். பெரிய ஊருக்குக் கொண்டுபோகலாம் என்றால் வழியைத் தாங்க மாட்டார் என்றார். அந்த வருஷம் தீர்மானத்துக்கான பொதுக்குழு வந்தபோது சக்கர நாற்காலியில் மெஷினும் அவருமாக வந்தார். வாசலிலேயே ஜனங்கள் அவரைப் பார்த்துக் கண்கலங்கினார்கள். அந்தக் கண்ணீர் எங்கே கொண்டுபோய் விடும் என்று தையல்காரிக்கு மட்டும் அப்போதே தெரிந்துவிட்டது.

தலைவர் தீர்மானத்தைப் படித்தார். ஒரு கையும் உயரவில்லை. பல் டாக்டர் எழுந்து, இத்தனை வருஷம் செய்தது பாவம், இனி இருட்டில் இருந்தாலும் பரவாயில்லை, இந்த அண்ணன் தங்கையைப் பிரிக்க என் கை உயராது என்றார். நீதிபதி விம்மினார். எல்லாரும் எழுந்து நின்று கை தட்டினார்கள். ஊர் திருந்திவிட்டது; திருந்துவதற்கு அதைவிடக் கேவலமான ஒரு நாள் அதற்குக் கிடைத்திருக்காது. அண்ணன் முகத்தில் குழாய்க்குக் கீழே ஒரு சிரிப்பு வந்தது. ஊரின் மேல் இருந்த கோபமெல்லாம் வடிந்துவிட்ட சிரிப்பு. தலைக்கு மேல் விசிறி தளர்ந்தது. மெஷினில் பச்சை விளக்கு அணைந்து, பேட்டரியின் மஞ்சள் விளக்கு வந்தது.

எதிர்ப்பவர், ஆதரிப்பவர் யாரும் இல்லையென்றால் தீர்மானம் கைவிடப்படுகிறது என்று தலைவர் சொல்ல வாயெடுத்தார். தையல்காரி கையைத் தூக்கினாள்.

“நான் ஆதரிக்கிறேன்.”

விளையாடுகிறாள் என்று சிலர் சிரித்தார்கள். அண்ணனும் சிரித்தபடியே திரும்பினார். “என்ன பாப்பா?”

“பாப்பா கீப்பான்னு கூப்பிடாதே. சுவரை அடைச்சுடுங்க, தலைவரே. இவரோட எனக்கு ஒட்டும் இல்ல, உறவும் இல்ல. பயந்துட்டேன்னு ஒரு கதை சொன்னாரு, நானும் பாவம்னு நம்பினேன். பயமாவது! சோம்பேறித்தனம். மழையில நனைய வேணாம்னு அம்மாவைச் சாக விட்ட ஆளு. சாவியைப் பிடிச்சுக்கிட்டு நின்ன கை இது, இதைத் தொட்டா எனக்கு அருவருப்பா இருக்கு.”

உலகத்தில் ஒரே ஒருத்தி நம்புவாள் என்று சொன்னதை அவளே எல்லார் முன்னாலும் பொய்யென்று எடுத்து வீசினாள். அதைவிடக் கூர்மையான ஒன்று அவளிடம் இல்லை. இருந்திருந்தால் அதையும் எடுத்திருப்பாள். அண்ணனின் முகம் வெளுத்து, பிறகு சிவந்தது. சக்கர நாற்காலியின் இரண்டு கைகளையும் ஊன்றி அவர் எழுந்துவிட்டார்.

“நீயா? நீயா கை தூக்குற? ஊரே தூக்கல, நீ தூக்குறியா? போ! என் கண்ணு முன்னால நிக்காதே! நான் செத்தாலும் நீ வரக் கூடாது!”

கூடம் வெளிச்சத்தில் குளித்தது. மெஷினில் பச்சை விளக்கு வந்தது. தையல்காரி அதைப் பார்த்துவிட்டு வெளியே நடந்தாள். செங்கல் சூளைப் பக்கத்திலிருந்து இறக்கைகளின் சத்தம் தெருமுழுக்கக் கேட்டது. வீட்டுக்குப் போய் நடுச்சுவர் வழியில் இருந்த அண்ணியின் நாற்காலியை எடுத்து அந்தப் பக்கம் வைத்தாள், பிறகு உட்கார்ந்து அழுதாள். கொத்தனார் மறுநாளே வந்து அடைத்தார். அவருக்குக் காரணம் புரிந்திருந்தது, ஊருக்கும் புரிந்திருந்தது. அண்ணனிடம் அதைச் சொல்கிற அளவுக்கு யாரும் முட்டாளாக இல்லை. தீர்மானம் ஒரு ஓட்டில் நிறைவேறியதாக ஆண்டறிக்கையில் போட்டார்கள்.

டாக்டர் அவருக்குச் சில மாதங்கள்தான் என்று சொல்லியிருந்தார். அவர் வருஷங்களாக இருந்துவருகிறார். சுவருக்கு அந்தப் பக்கம் மெஷின் காற்றை இழுத்து விடும் சத்தம் தையல்காரிக்கு நாள் முழுக்கக் கேட்கிறது. தன்னைக் கரித்துக்கொட்டுவதும் கேட்கிறது. அதைக் கேட்டுக்கொண்டே சட்டைக்குக் கழுத்துப் பட்டி வைப்பாள். ஆனால் என்ன இருந்தாலும் பிரேக்கு கோபத்தில் வளர்ந்தவர் இல்லையே. அடிக்கடி அவர் மனசு இளகப் பார்க்கும். அது அவளுக்குத் தையல் மெஷினில் தெரிந்துவிடும். மோட்டார் சட்டென்று இழுக்கும், ஊசி தயங்கித் தயங்கி இறங்கும். சில சமயம் அதற்குள் அண்ணி பின்வாசல் வழியாக ஓடிவருவாள்.

“காலையிலேருந்து உன்னையே கேட்டுக்கிட்டு இருக்காரு. சாப்பிட்டாளான்னு கேக்குறாரு. எனக்குப் பயமா இருக்கு, சீக்கிரம் வந்து ஏதாவது சொல்லிட்டுப் போ.”

தையல்காரி கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டுச் சுவரண்டை போவாள். அந்தப் பக்கம் ‘பாப்பா’ என்று மெல்லிய குரல் ஒன்று கூப்பிட்டுக்கொண்டிருக்கும். நெற்றியைச் சுவரில் சாய்த்து அதைக் கொஞ்ச நேரம் கேட்பாள், மோட்டார் இன்னும் தாங்கும் என்கிற அளவுக்கு மட்டும். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, அண்ணனின் நெஞ்சில் நேராகப் போய்த் தைக்கிற மாதிரி எதையாவது உரக்கச் சொல்வாள். அவள் போய் உட்கார்ந்து, விட்ட இடத்திலிருந்து தைக்க ஆரம்பிப்பாள்; ஊசி மறுபடி வேகமாக இறங்கும்.